மேசைக்கு அந்தப் பக்கம்

திருவண்ணாமலை மாவட்டம் போளூரில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு மாட்டிய கடை என்னுடையது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கடை நிரம்பிவிடும். பொறியியல் கலந்தாய்வு, கலைக் கல்லூரிச் சேர்க்கை, நர்சிங், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., உதவித்தொகை என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அது ஓய்வதற்குள் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு, வங்கித் தேர்வு, போலீஸ் தேர்வு. ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கும் பேருந்து போளூருக்கு வருவதால் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் முதல் ஆள் அவர்கள்தான்.

பிறருக்காக விண்ணப்பம் அடித்தே பிழைத்துவரும் எனக்கு இந்தத் தொழில் உறுதியாகக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு நம்மைத் தெரியாது. நம் தெருவும் தெரியாது, நாம் படும் பாடும் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையில் இருக்கும் காகிதத்தை வைத்து அவர் முடிவெடுக்க வேண்டும். நாளை யாராவது கேட்டால் அந்த முடிவுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். அவருக்குத் தேவை, சரிபார்த்து நம்பக்கூடிய உண்மை. அதை அவர் தேடி அலையாமல் கண்ணில் படும்படி வைத்துவிட்டால் விண்ணப்பம் நிற்கும். அலங்காரமோ கெஞ்சலோ அந்த இடத்தை நிரப்பாது.

கார்பன் தாள் காலம்

நான் தொழில் பழகியது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு அங்கேயே ஜாப் டைப்பிங்குக்கு உட்கார்ந்தேன். அன்றைக்கு வேலை விண்ணப்பம் என்றால் பயோடேட்டா. தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுப்போம். ஓர் எழுத்து தவறினால் மூன்று தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். எவ்வளவு பதமாக அழித்தாலும் தடம் தெரியும். தடம் தெரியும் பயோடேட்டாவை எங்கள் மாஸ்டர் வெளியே விடமாட்டார்.

"வாயால சொல்றத அடிக்காதம்மா. சர்டிஃபிகேட்ட பக்கத்துல வெச்சிக்கினு, அதப் பாத்து அடி" என்பார். அதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் சொல்லும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி இன்னொன்றாக இருக்கும். வந்தவர் வீட்டுத் தேதியைத்தான் வாய்தவறாமல் சொல்வார். விண்ணப்பத்தில் செல்லுபடியாவது பள்ளித் தேதி.

சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். போஸ்டல் ஆர்டரோ டி.டி.யோ எடுக்க வேண்டும். சுயமுகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையை உள்ளே வைக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அந்த அலைச்சலில் ஒவ்வொரு தாளையும் நாலு பேர் பார்த்துவிடுவார்கள். தவறு இருந்தால் வழியிலேயே பிடிபடும்.

இப்போது அந்த நாலு பேர் இல்லை. சப்மிட் பட்டனைத் தட்டினால் முடிந்தது. அதனால் அந்த நாலு பேர் செய்த வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சப்மிட் கொடுப்பதற்கு முன்னால் பிரிவியூ பக்கத்தைப் பிரின்ட் எடுத்து விண்ணப்பதாரர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரிஜினலோடு ஒத்துப் பார்த்து பென்சிலால் டிக் போட வேண்டும். அப்பா, அம்மா கூட வந்திருந்தால் அவர்கள் காதில் விழும்படி படிக்கச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட, "கதவு எண் அது இல்லயே" என்று பிடித்துவிடுவார்கள்.

இனிஷியலும் சான்றிதழும்

தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு இருப்பது நம் பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும். வடநாட்டுக் கணக்கில் தயாரான படிவமோ முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும். ஆதாரில் இனிஷியலே இருக்காது. வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா பெயர் ஒரு தாளில் சுப்பிரமணி, மறு தாளில் சுப்பிரமணியன் என்றும் இருக்கும். ஊருக்கு எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வேராக வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுவது அதுதான். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எளிது. அந்தச் சான்றிதழிலேயே பிழை விழுந்துவிட்டால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். ஆகவே பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நாமினல் ரோல் தயாரித்து, "பெயர் சரியா பார்த்து கையெழுத்து போடு" என்று நீட்டும் அந்த ஐந்து நிமிடம் மிகப் பெரிய விஷயம். எட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பிள்ளைகளிடம் இதை மன்றாடிச் சொல்கிறேன்.

அடுத்தது வருவாய்த் துறைச் சான்றிதழ்கள். இ-சேவையில் சாதிச் சான்றிதழ் ரெவ்-101, இருப்பிடம் ரெவ்-102, வருமானம் ரெவ்-103, முதல் பட்டதாரி ரெவ்-104. இந்த எண்கள் எங்களுக்கு வீட்டு எண் மாதிரி பழகிவிட்டன. விண்ணப்பித்ததும் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் போகும். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மண்டலத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் என்று கையெழுத்து போடும் அதிகாரி மாறுவார். மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விசாரணை நடந்து ஆர்.டி.ஓ. கையெழுத்தாகி வர நாளாகும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் எட்டாது. ப்ளஸ் ஒன் படிக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.

மத்திய அரசு தொடர்பான விண்ணப்பம் என்றால் இன்னொரு திருப்பம் இருக்கிறது. இங்கே பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழ் அங்கே போதாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். நம் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "அதான் கம்யூனிட்டி இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள், நீட் படிவத்தில் எந்த வகுப்பைக் குறிப்பது என்று தெரியாமல் கடைசி நாளில் தவிப்பதைப் பார்க்கிறேன்.

வருமானச் சான்றிதழ் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். "கொறச்சுப் போடுங்க மேடம், அப்பதான் கெடைக்கும்" என்று கேட்பார்கள். வரம்புகள் பலருக்குத் தெரியாததால் வரும் பயம் அது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3.5 லட்சம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். கூலிக் குடும்பம் உண்மையைச் சொன்னாலே வரம்புக்குள் நிற்கும். ஒரு படிவத்தில் 48,000, இன்னொன்றில் 72,000 என்று போட்டால்தான் சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். சான்றிதழில் இருக்கும் தொகையே எல்லாப் படிவத்திலும் இருக்கட்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு சலுகைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் சட்டமாகி, 2020இல் திருத்தப்பட்டதிலிருந்து ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். டிகிரி முடித்து டி.என்.பி.எஸ்.சி. எழுதும் ஆள், தான் ஒன்றாம் வகுப்பு படித்த தொடக்கப் பள்ளிக்குப் போய் ஹெட்மாஸ்டரைப் பார்க்க வேண்டும். கணவன் ஊருக்குப் போய்விட்ட பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய அலைச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளியை விட்டு வரும்போதே வாங்கிவைத்துவிட்டால் நிம்மதி.

வரிசையில் இருக்கிறது விதி

பொறியியல் கலந்தாய்வுக்கு முன்பெல்லாம் சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், திரையில் ஓடும் காலி இடங்களைப் பார்த்துச் சில நிமிடத்தில் முடிவெடுப்பார்கள். 2018இலிருந்து எல்லாம் ஆன்லைன். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப். அதற்கேற்ப ரேங்க். பிறகு விருப்பப் பட்டியலை நாமே நிரப்ப வேண்டும்.

இந்தப் பட்டியலும் ஒரு விண்ணப்பம்தான். இதில் நாம் எழுதும் ஒரே வாக்கியம் வரிசை. "மொதல்ல பெரிய காலேஜ் போட்டு கெடைக்கலன்னா, கீழ இருக்கிறதும் போயிடுமா?" என்று கேட்காத அப்பா இல்லை. போகாது. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, நம் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியதில் எது மேலே இருக்கிறதோ அதையே ஒதுக்குவார்கள். ஆகவே மனதுக்குப் பிடித்தது முதலில் இருக்க வேண்டும். கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போட்டால் அதுவே கிடைக்கும், அதற்கு மேல் இருந்த வாய்ப்பு பார்க்கப்படாமலே போகும். பட்டியல் குட்டையாக இருப்பதுதான் ஆபத்து.

நம் ஊரில் கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும். ஒரே சாமி பெயரில் இரண்டு மூன்று மாவட்டங்களில் கல்லூரி இருக்கும். பெயரை நம்பாமல் கோட் எண்ணைப் பார்த்துப் போடச் சொல்வேன். அந்தக் கல்லூரிக்கு வீட்டிலிருந்து எந்த பஸ், ஹாஸ்டல் உண்டா, எவ்வளவு கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பட்டியலை நிரப்பிக் கொடுக்க எனக்கு நேரமே ஆகாது.

ஒரு கடிதம்

படிவம் நிரப்புவதற்குக் கவனம் போதும். கடிதம் எழுதுவது வேறு வேலை. அறக்கட்டளை உதவித்தொகைகளுக்கும் சில பல்கலைக்கழகங்களுக்கும், "உன்னைப் பற்றி எழுது, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்" என்று ஒரு பக்கம் கேட்பார்கள். பிள்ளைகள் திணறுவது அங்கேதான்.

மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி வந்தாள். நர்சிங் படிக்க வேண்டும், ஓர் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுத வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்ததைக் கொண்டு வந்திருந்தாள். "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். என் பெற்றோர் கூலி வேலை செய்து மிகவும் கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வைக்கிறார்கள். நன்றாகப் படித்துச் சமுதாயத்துக்குச் சேவை செய்வதே என் லட்சியம். ஐயா அவர்கள் தயவுகூர்ந்து கருணை காட்டும்படி பாதம் பணிந்து வேண்டுகிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணும் இல்லை. அந்த அறக்கட்டளை மேசையில் குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இதே நான்கு வாக்கியத்தில்தான் இருக்கும். படிப்பவர் எந்த ஏழ்மையை எதோடு ஒப்பிட்டு முடிவு செய்வார்? அந்தத் தாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நெலம் எவ்ளோம்மா?"

"ஒன்ற ஏக்கர் அக்கா. மானாவாரி. சாமை போடுவோம்."

"விப்பீங்களா?"

"வூட்டுக்கே சரியா இருக்கும் அக்கா."

"அப்பா வருஷம் பூரா ஊர்லயே இருப்பாரா?"

"தை பொறந்தா குடகுக்குப் போயிடுவாரு. மொளகு பறிக்க. மூணு மாசம் கழிச்சி வருவாரு. அதுவரைக்கும் அம்மாவும் நானும்தான். லீவுல நான் ஆடு ஓட்டிக்கினு போவேன்."

"நர்சிங் எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவள் தரையைப் பார்த்தாள். சேவை, லட்சியம் என்று கற்றுக்கொடுத்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. "வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லாம இருக்காம்மா?" என்று கேட்டதும் பேச ஆரம்பித்தாள். ஆயாவுக்குச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண், யார் யாருக்கு எது தீர்ந்தது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் அட்டையைக் காட்டுவார்கள், பேர் சொல்லத் தெரியாது. அதனால் இவள் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறாள். பதினோரு பேர். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பி.பி., எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி, அட்டை எந்த வாரம் தீரும். ஹாஸ்டலில் இருக்கும் நாட்களில் தம்பி எழுதுவானாம்.

"இத ஏம்மா கடிதத்துல எழுதல?"

"இதெல்லாம் எழுதலாமா அக்கா?"

இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. தங்கள் வாழ்க்கையில் இருப்பது எழுதத் தகுந்ததல்ல, புத்தகத்தில் இருப்பதுதான் எழுதத் தகுந்தது என்று இந்தப் பிள்ளைகள் எப்படியோ நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைப்பதுதான் என் தொழிலில் நான் அதிகம் மதிக்கும் வேலை.

அவளே உட்கார்ந்து எழுதினாள். நான் கேள்வி கேட்டேன், எழுத்துப்பிழை திருத்தினேன், அவ்வளவுதான். கடிதம் இப்படித் தொடங்கியது: "எங்கள் ஊரில் 11 பெரியவர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். யாருக்கு எந்த மாத்திரை எப்போது தீரும் என்று நோட்டில் எழுதி, மருந்து கொண்டுவரும் அக்காவிடம் நான் சொல்வேன். மாத்திரை எதற்கு என்று அவர்கள் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அதைப் படிக்க விரும்புகிறேன்." அடுத்த பத்தியில் நிலம், சாமை, அப்பா குடகுக்குப் போகும் மூன்று மாதம், அதில் வீட்டுக்கு வரும் தொகை. கடைசிப் பத்தியில் கேட்பது: கல்விக் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், விடுதிக்கும் சீருடைக்கும் புத்தகத்துக்கும் இவ்வளவு வேண்டும், அதற்கு வழியில்லை. பாதம் பணிதல் எதுவும் இல்லை. "இப்படிக்கு" என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

அறக்கட்டளையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். உதவித்தொகை கிடைத்தது. நான் சரிபார்ப்பு என்று சொல்வது இதைத்தான். நோட்டைப் பற்றி எழுதினால் நோட்டு வீட்டில் இருக்க வேண்டும். இல்லாத துயரத்தைக் கூட்டி எழுதிய கடிதம் வீட்டு வாசலில் விழுந்துவிடும். உள்ளதை எழுதிய கடிதம் அங்கேதான் இன்னும் பலமாகும்.

என்ன வேண்டும் என்று கணக்கோடு கேட்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்றால், என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையையும் அவர் தலையில் வைக்கிறோம். எதற்கு, எவ்வளவு, மீதிக்கு நாமே என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சொன்னால், முடிவெடுப்பது அவருக்கு எளிதாகிறது.

வேலைக்குப் போகும் தாள்

ரெஸ்யூமும் இதே வழிதான். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்த ஒரு பையன், செய்யாறு சிப்காட்டில் இன்டர்வியூ என்று வந்தான். செல்போனில் ஒரு மாடல் வைத்திருந்தான். மேலே ஆப்ஜெக்டிவ் என்று மூன்று வரி ஆங்கிலம். அர்த்தம் கேட்டேன், தெரியவில்லை. தெரிந்த மொழிகளில் இந்தி. பேசுவாயா என்றால் இல்லை. பொழுதுபோக்கு கிரிக்கெட். இரண்டு வருடம் லேத்தில் நின்றவன், லேத் என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை.

என்னென்ன செய்தாய் என்று கேட்டுக் குறித்தேன். ஃபேஸிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், மரை வெட்டுவது. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை, மைக்ரோமீட்டரில் 0.01 வரை அளக்கத் தெரியும். ட்ராயிங் பார்த்து வேலை செய்வான். டூல் பிட்டைத் தானே சாணை பிடிப்பான். சி.என்.சி. மெஷினைப் பயிற்சியில் பார்த்திருக்கிறான், தனியாக ஓட்டியதில்லை. அதையும் அப்படியே எழுதினோம்: அடிப்படை அறிமுகம் உண்டு, கற்றுக்கொள்ளத் தயார். மேலே பெயர், போன் நம்பர், டிரேடு, தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்ற ஆண்டு. எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அவனுக்குப் புரியாத ஒரு சொல்கூட அதில் இல்லை.

இன்டர்வியூவில் டேப்பர் கோணம் எப்படி கணக்கிடுவாய் என்று கேட்டார்களாம். தாளில் இருந்ததைத்தான் கேட்டார்கள். ரெஸ்யூம் எழுதும்போது நாம் செய்வது அதுதான்: எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் கேள்வியை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். பதில் தெரிந்த கேள்வியை எடுத்துக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம், கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை ஆகியவற்றோடு, ஆங்கிலத்தில் கையால் எழுதிய உறுதிமொழி ஒன்றும் கேட்பார்கள். புகைப்படம் 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி. கையெழுத்தை ஆங்கில கேப்பிட்டல் எழுத்துகளில் போட்டால் செல்லாது. உறுதிமொழியை விண்ணப்பதாரரே எழுத வேண்டும் என்பது விதி. "உங்க எழுத்து நல்லா இருக்கும், நீங்களே எழுதிடுங்க அக்கா" என்பார்கள். எழுத மாட்டேன். கோணல்மாணலாக இருந்தாலும் அது அவர்கள் கையாகவே இருக்கட்டும். தேர்வு முடிந்து சரிபார்ப்பு என்று வரும்போது அங்கே போய் நிற்பது அவர்கள் கைதான், என் கை இல்லை.

அனுப்பிய பிறகு

சப்மிட் ஆனதும் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவர்களைத்தான் நான் அதிகம் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். தேசிய உதவித்தொகைத் தளத்தில் போட்ட விண்ணப்பம், கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். கல்லூரி அலுவலகத்தில் அது கிடப்பில் கிடந்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை. அலுவலகத்துக்குப் போய், விண்ணப்ப எண்ணைச் சொல்லி, சரிபார்த்துவிட்டார்களா என்று கேட்பது மாணவரின் உரிமை. கூச்சப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் வேண்டும். முதல் ஆண்டு பணம் வந்த சந்தோஷத்தில் புதுப்பித்தலை மறந்த பிள்ளைகள் நிறைய.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் முக்கியம். ஆதார் மூலம் வரும் தொகை, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். நாம் படிவத்தோடு கொடுத்த பாஸ்புக் ஒன்று, எப்போதோ சிம் கார்டு வாங்கிய இடத்தில் திறந்து ஆதார் இணைத்த கணக்கு இன்னொன்று. பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வரவில்லை என்று பிள்ளை அழும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேராக மாணவர் கணக்குக்கே வருவதால் இதை இப்போது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியில் கேட்டால் எந்தக் கணக்கில் இணைப்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஓ.டி.பி. வரும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் விண்ணப்பதாரருடையதாகவே இருக்க வேண்டும். அவசரத்துக்குக் கடைக்காரர் நம்பரைப் போட்டுவிட்டு, ஹால் டிக்கெட் எடுக்க வரும்போது அந்த நம்பர் இல்லாமல் தவிப்பவர்கள் எங்கும் உண்டு. மின்னஞ்சல் திறக்கத் தெரியாது என்றால் என் கடையில் உட்கார வைத்துச் சொல்லித் தருவேன். பாஸ்வேர்டை அவர்கள் நோட்டில் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் ஊருக்குள் புரோக்கர்கள் வருவார்கள். "சர்டிஃபிகேட்ட குடுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம், ஃபீஸ் கூட வேணாம்" என்று ஒரிஜினலை வாங்கிக்கொண்டு போய், பிள்ளை பேரே கேள்விப்படாத கல்லூரியில் சேர்த்துக் கமிஷன் வாங்குவார்கள். சேர்ந்த பிறகுதான் கட்டணம் தெரியும். வெளியே வர நினைத்தால் சான்றிதழ் கைக்கு வராது. தன் தாள்கள் என்னென்ன, தனக்கு எந்தச் சலுகை உண்டு, தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிள்ளையிடம் இந்த வித்தை பலிக்காது.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் ஒரு ஃபைல் போடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, தமிழ்வழிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றையும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வையுங்கள். கூடவே ஒரு நோட்டு கொடுத்து, வீட்டிலும் வெளியிலும் தான் செய்யும் வேலையை, கற்றதை, பார்த்துக்கொண்ட பொறுப்பைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். வகுப்பாசிரியர்கள் ஜூன் மாதத்தில் ஒரு பீரியடை ஒதுக்கி, தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வைத்து, ஒவ்வொரு வரிக்கும் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுப் பழக்குங்கள். அப்படிப் பழகிய பிள்ளைக்கு விண்ணப்பம் எழுத என்னைப் போன்ற ஒருவர் தேவைப்பட மாட்டார். என் கடையில் மே மாதக் கூட்டம் அந்த வழியில் குறையுமானால் எனக்குச் சந்தோஷம்தான். பிரின்ட் எடுக்க மட்டும் வரட்டும்.